கடிக்காத கார்டு ரீடர்

அந்தப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து காலையில் போன் வந்தாலே எடுக்க யோசிப்பேன். எடுத்ததும் போர்மேன் அண்ணாச்சி சொல்வது ஒரே வார்த்தை. "செத்துப்போச்சும்மா." செத்தது கேட்டில் மாட்டியிருக்கிற கார்டு ரீடர் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பட்டாசு ஆலைகள் நிறைந்த தாயில்பட்டிப் பக்கமிருந்து வருகிற போனில் அந்த வார்த்தை காதில் விழுந்து, அது வெறும் ரீடர்தான் என்று மூளைக்கு எட்டுவதற்குள் நான் ஒருதரம் அல்லாஹ்வைக் கூப்பிட்டுவிடுவேன். நின்றுபோச்சு என்று சொல்லுங்கள், ஓடவில்லை என்று சொல்லுங்கள், இந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்று அவரோடு எத்தனையோ தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன். சரி சரி என்பார். மறுநாள் காலையிலும் அதையேதான் சொல்வார்.

சிவகாசியில் அச்சகங்கள் நெருக்கியடிக்கிற ஒரு சந்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னைப் பெற்ற அத்தா காலண்டர் அட்டை வியாபாரம் செய்த அதே கடைதான். பாய் வீட்டுப் பொண்ணு கடை என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். என்னிடம் வேலை கொடுக்கிறவர்களுக்கு முடிந்தவரை லினக்ஸ்தான் போட்டுக் கொடுப்பேன். அதற்குக் காசு கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, என்ன கோளாறு என்றாலும் லாக் என்கிற பதிவேட்டில் அது ஒரு வரியாவது எழுதி வைக்கும். மனிதர்களிடம் அந்த நல்ல பழக்கம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் கேட்டது எளிய விஷயம்தான். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கழுத்தில் அவரவர் ரூம் எண் பதிந்த ஒரு கார்டு. உள் கேட்டில் ரீடரில் வைத்துவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போதும் வைக்க வேண்டும். எந்த ரூமில் இப்போது எத்தனை பேர் என்று ஆபீஸில் இருக்கிற ஸ்கிரீனில் தெரிய வேண்டும். ஒரு ரூமுக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று கணக்கு இருக்கிறது, அதற்காக என்று முதலாளி சொன்னார். இன்னொரு காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று ஆகிவிட்டால் எந்த ரூமில் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே. அந்த புரோகிராமை எழுதும்போதெல்லாம் வாய்க்குள் துவா ஓதிக்கொண்டேதான் எழுதினேன்.

அந்த ஸ்கிரீனில் ஒரு எண்ணுக்குள் எனக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். எங்கள் எதிர் வீட்டு அக்கா. காலையில் தெருமுனையில் கம்பெனி வேன் ஏறுவார். காகிதக் குழாயில் மருந்து செலுத்துகிற ரூமில் அவருக்கு வேலை. எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். மாத்திரை வாங்குகிற கடைக்கு மெடிக்கல் என்று பெயர். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலில் முதலில் வந்து நிற்பதும், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து அதே தூக்குச்சட்டியில் கொண்டுவருவதும் அந்த அக்காதான். எங்காவது 'டம்' என்று சத்தம் கேட்டால் எங்கள் தெருவே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும். நான் முதலில் பார்ப்பது அக்கா வீட்டுக் கதவை. பூட்டியிருந்தால் அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ரீடர் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் காலையில் தினமும் நின்றுபோகத் தொடங்கியது. அதுவும் வேன்கள் வந்து வரிசை நிற்கிற நேரம் பார்த்து. கார்டு பதியாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது முதலாளி போட்ட உத்தரவு. ரீடர் நின்றால் வரிசை நிற்கும், வரிசை நின்றால், உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற பெண்களுக்குக் கூலி போகும். இதில் பெரும்பாலும் அக்கா கார்டு வைக்கும்போதுதான் ரீடர் நின்றது. ராசியில்லாத கை என்று வரிசையில் கேலி பேச ஆரம்பித்தார்கள். கேலி முற்றி, இந்தப் பொம்பளையைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லு என்று முதலாளியே போர்மேனிடம் சொல்லிவிட்டார். சீசன் நேரத்தில் வீட்டில் இருந்தால் அக்கா எதை வைத்துச் சமைப்பது?

அன்று சாயங்காலம் அக்கா நேரே என் கடைக்கு வந்துவிட்டார்.

"ஏத்தா, நீ மாட்டுன மிசினு எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதே. கார்ட வச்சா சுள்ளுனு கடிக்கவும் செய்யுது. என்னன்னு பாரு."

கடிக்கிறது என்றதும் கரண்ட் கசிகிறதோ என்று பயந்து, மறுநாள் டெஸ்டர் எடுத்துப் போய் ரீடர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விளக்கு மினுக்கென்றுகூடக் காட்டவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்காவிடம் சிரித்துவிட்டு, கோளாறு மென்பொருளில்தான் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

லினக்ஸில் கார்டு ரீடரோடு மாரடித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனிச் சள்ளை. ரீடருக்கும் நம் புரோகிராமுக்கும் நடுவில் ஒரு சேவை பின்னணியில் ஓட வேண்டும். அது எழுந்து ரீடரைப் பிடிப்பதற்குள், லினக்ஸின் மூளையான கெர்னலே தன் கைவசம் வைத்திருக்கிற இன்னொரு டிரைவர் புரோகிராமை அனுப்பி ரீடரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் சாவி வைத்திருப்பது போலத்தான். அந்த டிரைவரை ஏறவிடாமல் தடுத்தேன். இரண்டு நாள் ஓடியது, திரும்பவும் நின்றது. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று யூஎஸ்பி தூங்கிவிடுகிறதோ என்று அதை முடக்கினேன். சாதாரண யூசருக்கு ரீடரைத் தொட அனுமதி இல்லையோ என்று அதையும் திறந்துவிட்டேன். டிரைவரைப் புதிதாக்கினேன், பழசாக்கினேன், கேபிளை மாற்றினேன். கழற்றிக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தால் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடும். கேட்டில் மாட்டினால் காலையில் செத்துவிடும். பாருங்கள், நானே அந்த வார்த்தையைச் சொல்கிறேன்.

லாகில் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்பட்டது. உடனே அடுத்த வரியில் புதிய சாதனம் இணைந்தது. யாரோ கேபிளைப் பிடுங்கிச் சொருகியது போல. யாரும் பிடுங்கவில்லை. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நடுவில் எதையோ மாற்றியிருக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் முதல் கேள்வி. போர்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

கடைசியில் எனக்குப் பட்டது பெட்டிதான். ரீடர் வெயிலிலும் கைபட்டும் கெட்டுவிடக்கூடாது என்று லேத் பட்டறையில் சொல்லி எவர்சில்வரில் ஒரு பெட்டி அடித்து அதற்குள் மாட்டியிருந்தோம். கார்டு வைக்கும்போது எல்லார் விரலும் அந்த விளிம்பில் படும். உடம்பில் ஏறியிருக்கிற மெல்லிய நிலை மின்சாரம் அதில் பாய்ந்து யூஎஸ்பியைக் கலைக்கிறதோ என்று ஒரு சந்தேகம். சந்தேகம் என்ன, சரியான கணிப்புதான். பெட்டியைக் கழற்றிவிட்டு, தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அறுத்து ரீடரை அதற்குள் வைத்து மாட்டினேன். மறுநாள் காலையில் வேன் வருவதற்கு முன்பே கம்பெனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆபீஸ் உள் கேட்டுக்கு ஒட்டியே இருக்கிறது. அதைத் தாண்டி என்னை விடமாட்டார்கள். என் பர்தா பாலியஸ்டர் துணி; உள்ளே பருத்தி தவிர எதுவும் ஆகாது. பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வரிசையில் வந்தார்கள். கேட்டுத் தூணில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் யாரானாலும் அதில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரத்தை அது மண்ணுக்குள் இறக்கிவிடும்; விரல்நுனியில் ஒரு பொறி போதும், மருந்து பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ரூம் வாசலிலும் அதேபோல ஒரு தகடு உண்டு. சாமி சன்னதியில் படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி அந்தத் தகட்டைத் தொடுவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. தகட்டைத் தொட்டார்கள், கார்டை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, போனார்கள். அக்கா வைக்கும்போது நான் எழுந்து நின்று பார்த்தேன். பச்சைதான். வரிசையே கைதட்டியது. ஸ்கிரீனில் அக்கா ரூமுக்கு நேரே நாலு என்று வந்தது.

முதலாளி டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குடித்தேன். லாகைப் பார்த்தேன். ஒரு துண்டிப்புகூட இல்லை, துடைத்துவிட்டது போல இருந்தது.

டப்பாவின் ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று எழுந்து கேட்டுக்குப் போனேன். போர்மேன் அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்ததால் ஒப்புக்குச் செம்புத் தகட்டில் கையைப் பதித்தேன். ஸ்குரூவைத் திருகிவிட்டு நாலு எட்டு வைத்து ஆபீஸுக்குத் திரும்பி, கம்பிக் கதவைப் பிடித்தேன். சுள்ளென்று கடித்தது. சனியன் பிடித்த பர்தாத் துணி என்று கையை உதறினேன். உதறின கை அப்படியே நின்றுவிட்டது.

இப்போதுதானே தகட்டைத் தொட்டேன்? என் உடம்பில் இருந்தது எல்லாம் அதில் இறங்கியிருக்க வேண்டுமே. கம்பி கடிப்பதற்கு என்ன மிச்சம்?

மறுபடியும் சேரில் உட்கார்ந்து எழுந்தேன். தகட்டில் இந்தத் தடவை உள்ளங்கை முழுவதையும் அழுத்தி வைத்தேன். திரும்பி வந்து கம்பியைத் தொட்டேன். சுள். பையிலிருந்து மீட்டரை எடுத்து, நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்து, தகட்டுக்கும் ஆபீஸ் பிளக்கின் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். இரண்டும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கொஞ்சமாவது தொடர்பு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. தகடு மண்ணைத் தொடவே இல்லை. சும்மா தூணில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எவர்சில்வர் பெட்டி ரீடரோடும், ரீடர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரோடும், கம்ப்யூட்டர் மூன்று பின் பிளக் வழியாக ஆபீஸ் எர்த்தோடும் சேர்ந்திருந்தது. இத்தனை நாளும் இந்தப் பெண்கள் உடம்பில் வேன் சீட்டும் காய்ந்த காற்றும் ஏற்றிவிட்டது எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இறங்கியிருக்கிறது. அது அவர்களைக் கடித்துக் கடித்துத்தான் உள்ளே அனுப்பியிருக்கிறது. ஊரிலிருந்தே வேன் சீட்டில் உட்கார்ந்து வருகிற அக்கா உடம்பில்தான் அதிகம் ஏறியிருக்கும். நான் அதைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக்கை மாட்டியிருக்கிறேன். இன்று காலை உள்ளே போன ஒருவரிடமிருந்தும் ஒன்றும் இறங்கவில்லை. அத்தனையும் அவர்களோடு மருந்து ரூமுக்குள் போயிருக்கிறது. சுத்தமான லாகைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான். யா அல்லாஹ், அக்கா உள்ளே இருக்கிறார்.

போர்மேன் அண்ணாச்சியை ஆபீஸுக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. எர்த் பட்டை எந்த வழியாகப் போகிறது என்று கேட்டதும் அவர் கை தானாகக் கேட்டுக்கு வெளியே புது மண் மூடிய ஒரு வரப்பைக் காட்டியது. போன மாதம் தண்ணிக் குழாய் போட ஜேசிபி வைத்துத் தோண்டினார்களாம். எல்லாத் தகட்டுக்கும் அந்த ஒரு பட்டைதானாம்.

"எதை மாத்துனீகன்னு நான் கேட்டேனா இல்லையா அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல எதை மாத்துனீகன்னுதானம்மா கேட்டீக."

அவரை அறையலாம் போல இருந்தது. அழலாம் போலவும் இருந்தது. வாட்ச்மேன் போய் மண்ணைக் காலால் விலக்கிப் பார்த்தார். அறுந்த செம்புப் பட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி நம்பவில்லை. வருசக்கணக்காக இருக்கிற தகடு, சீசன் நேரத்தில் பயமுறுத்தாதீர்கள் என்றார். அவரும் பிளாஸ்டிக் சேரில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் தகட்டைத் தொட்டுவிட்டு வந்து இந்தக் கம்பியைத் தொடுங்கள் என்றேன். என் குரலைக் கேட்டு அவர் எழுந்து போனார். வந்து கம்பியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதன்பிறகு என்னைப் பார்க்காமல் போர்மேனைப் பார்த்தார்.

"அபாய மணி வேண்டாம். அடிச்சா ஓடுவாக. சாப்பாட்டு மணி அடிங்க."

இந்தத் தொழிலில் பயம்கூடச் சத்தம் போடக் கூடாது. மருந்துத் தட்டைக் கையில் வைத்திருக்கிறவள் திடுக்கிட்டு எழுந்தால் போதும். அதனால் ஒன்றும் நடக்காதது போலக் காரியம் நடந்தது. ரூம்கள் பக்கம் தண்ணீர் கொண்டுபோக முடியாது. மருந்தில் அலுமினியப் பொடி இருக்கும், ஈரம் பட்டால் சூடேறும். உள் கேட்டுக்கு முன்னால் மட்டும் வாட்ச்மேன் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார், வருகிறவர்கள் வெறுங்காலால் மிதித்து வரட்டும் என்று. என்னையும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் நிற்கச் சொன்னார் போர்மேன். உங்கள் துணியில் ஏறியதும் இறங்கட்டும், ஒரு கையால் ஆபீஸ் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள் என்றார். பிடித்தேன். ஜன்னல் வழியாக ஸ்கிரீன் தெரிந்தது. மணி அடித்தது.

இன்னும் வெயில்கூட ஏறவில்லை, அதற்குள் என்ன சோறு என்று பேசிக்கொண்டே பெண்கள் ஒவ்வொரு ரூமாக இறங்கி வந்தார்கள். ஒருத்தி ஈரத்தைப் பார்த்து, முதலாளி வீட்டில் விசேசமா, வாசல் தெளித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்து வைத்தேன். வாயைத் திறந்தால் அலறிவிடுவேன் என்று தெரியும். கார்டு வைக்க வைக்க ஸ்கிரீனில் எண்கள் குறைந்தன. ஒரு ரூம் பூஜ்யம், அடுத்த ரூம் பூஜ்யம். அக்கா ரூமிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். எல்லா ரூமும் பூஜ்யம் ஆனபிறகு அந்த ஒரு ரூமுக்கு நேரே ஒன்று என்று நின்றது.

அக்கா எங்கே என்று மூன்று பேரில் ஒருத்தியிடம் கேட்டேன். தட்டில் கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். பீஸ் ரேட் அல்லவா, பாதித் தட்டுக்குக் கூலி கிடையாது.

நான் எழுதிய புரோகிராம்தான். அந்த ஒன்று என்ற எண்ணுக்கு நான்தான் பெரிய எழுத்து வைத்திருந்தேன், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. கூப்பிட முடியாது. ஓட முடியாது. என் துணியோடு உள்ளே ஒரு அடி வைக்க முடியாது. போர்மேன் அண்ணாச்சி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலாற நடக்கிறவர் போல அந்த ரூமைப் பார்த்து மெதுவாக நடந்துபோனார். அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. எனக்குத் தெரிந்த குர்ஆன் ஆயத்துகள் எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா வெளியே வந்தார். போர்மேன் வருவதைப் பார்த்துவிட்டு, முடித்தாயிற்று முடித்தாயிற்று என்று தானாகவே சொல்லிக்கொண்டு, கைகளைச் சட்டையில் துடைத்தபடி நடந்து வந்தார். கேட்டுக்கு முன்னால் ஈரத்தைக் கண்டதும் நின்றார். மருந்துக் கையோடு ஈரத்தை மிதிக்கக் கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் காய்ந்த கல் மேலேயே காலை வைத்து வைத்து வந்து, பிளாஸ்டிக் டப்பாவில் கார்டை வைத்தார். பச்சை எரிந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒன்று பூஜ்யமானது.

"ஏத்தா, இன்னைக்குக் கடிக்கவே இல்ல. கெட்டிக்காரிதான் நீ" என்று சொல்லி, எனக்குத் திருஷ்டி கழிக்க இரண்டு கையையும் என் கன்னத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் வெறுங்காலோடு ஈரத்தில் நின்றேன். ஒரு கை கம்பியில் இருந்தது. என் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அக்கா விரல் என் கன்னத்தில் படுவதற்கு முன்பே சுள்ளென்று கடித்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்கே சத்தம் கேட்டது. அக்கா கையை இழுத்துக்கொண்டு, இப்போது நீ கடிக்க ஆரம்பித்துவிட்டாயா என்று சிரித்தார்.

அந்தக் கையால்தான் அவர் காலையிலிருந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்.